நடுத்தர அமெரிக்க ஊர்களுக்குக் குடிபெயருமுன்: சென்சஸ் பீரோ, பி.எல்.எஸ் என்னும் இரண்டு இலவச அரசுச் சேவைகள் குறித்து ஒரு மதிப்பீடு

பெருநகரத்தை விட்டு நடுத்தர அளவுள்ள ஓர் ஊருக்குப் போய்விடலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓராண்டுக்கும் மேலாக நடந்தது. மூன்று இடங்கள் எங்கள் முன் இருந்தன: இல்லினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டன், அலபாமாவின் ஹன்ட்ஸ்வில், ஆர்கன்சாவின் வடமேற்கு மூலையில் உள்ள பென்டன்வில். நான் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கும் மென்பொருள் பொறியாளன். என் மனைவி, அந்த விசாவில் இருப்பவரின் துணைக்குரிய எச்-4 வேலை அனுமதியில் கணக்காளராகப் பணியாற்றுகிறார். தொடக்கத்தில், வேகமாக வளரும் ஊர்களை வரிசைப்படுத்தித் தரும் ஒரு தனியார் சேவையின் அறிக்கையைப் பணம் கொடுத்து வாங்கினோம். அதில் இருந்த வரிசை முழுக்க முழுக்க மக்கள்தொகை வளர்ச்சி விகிதத்தை மட்டுமே வைத்துப் போடப்பட்டிருந்தது. எங்கள் இருவரின் தொழிலைப் பற்றியோ விசா நிலையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த அறிக்கையின் எண்கள் யாவும் அரசின் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டதும், மூலத்துக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் சென்சஸ் பீரோவின் தளங்களையும், சுருக்கமாக பி.எல்.எஸ் என்று அழைக்கப்படும் தொழிலாளர் புள்ளியியல் துறையின் தளத்தையும் அதன்பின் வாரந்தோறும் பயன்படுத்தினோம். இரண்டும் முற்றிலும் இலவசம். கணக்குத் தொடங்கவோ மின்னஞ்சல் முகவரி தரவோ தேவையில்லை. ஊர் மாற நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவை எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைக் கூடியவரை துல்லியமாக எழுத விரும்புகிறேன்.

சென்சஸ் பீரோவிடம் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது குவிக்ஃபேக்ட்ஸ் என்னும் பக்கத்தைத்தான். மாநிலம், மாவட்டம் போன்ற கவுண்டி, 5,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரம் ஆகியவற்றில் ஆறு இடங்கள் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வசதி செய்து தருகிறது. மக்கள்தொகை, வயது, கல்வி, வருமானம், வாடகை, வீட்டு விலை எல்லாம் ஒரே அட்டவணையில் வந்துவிடுகின்றன. முதல் பார்வைக்கு இதைவிட எளிய கருவி கிடைக்காது. ஆனால் வேலை தேடிப் போகிறவருக்கு மிகவும் தேவையான ஓர் அலகு அதில் இல்லை. ஒரு மைய நகரமும் அதைச் சுற்றி வேலைக்காக அன்றாடம் போய்வரும் கவுண்டிகளும் சேர்ந்த மாநகரப் பகுதியை அங்கே தேர்ந்தெடுக்கவே முடியாது. இந்தக் குறை சிறியதன்று. தென் கரோலினாவின் கிரீன்வில் நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 70,720 பேர் வசித்தார்கள். அதே பெயருள்ள கவுண்டியில் 5,25,534 பேர் வசித்தார்கள். நகர எண்ணை மட்டும் பார்ப்பவர் அதைச் சிற்றூர் என்று ஒதுக்கிவிடுவார். மாறாக, ஹன்ட்ஸ்வில் 2010-இல் 1,80,105 பேரிலிருந்து 2020-இல் 2,15,006 பேராக உயர்ந்து, பர்மிங்ஹாமை முந்தி அலபாமாவின் மிகப்பெரிய நகரமானது. ஆனால் அந்நகரம் அண்டைக் கவுண்டிகளின் நிலங்களையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது என்பதால், நகர எல்லையை வைத்து வளர்ச்சியை அளப்பதில் எச்சரிக்கை தேவை. மாநகரப் பகுதிகளின் எல்லையை வகுப்பது வெள்ளை மாளிகையின் நிர்வாக, வரவுசெலவு அலுவலகம். கடைசியாக 2023 ஜூலையில் வகுத்தது. அந்தப் பகுதிகளுக்கான எண்கள் சென்சஸ் பீரோவின் பெரிய தளத்தில் உள்ளன. ஆகவே குவிக்ஃபேக்ட்ஸைத் திண்ணை என்று எண்ணிக்கொண்டு, சீக்கிரமே உள்ளே போய்விடுவது நல்லது.

உள்ளே போனால் எனக்கு மிகவும் பயன்பட்டது ஆண்டுதோறும் வரும் மக்கள்தொகை மதிப்பீடுதான். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பை அடித்தளமாக வைத்து, பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, இடப்பெயர்வைச் சேர்த்து, ஒவ்வோர் ஆண்டின் ஜூலை 1-ஆம் தேதிக்கும் ஒரு மதிப்பீட்டைத் தருகிறார்கள். கவுண்டிகளுக்கும் மாநகரப் பகுதிகளுக்குமான எண்கள் வழக்கமாக மார்ச் மாதத்தில் வெளியாகும். நகரங்களுக்கானவை மே மாதத்தில் வெளியாகும். வளர்ச்சியை அதன் கூறுகளாகப் பிரித்துக் காட்டுவதுதான் இதன் தனிச்சிறப்பு. பிறப்பு, இறப்பு, நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து வந்தவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று நான்கும் தனித்தனியே கிடைக்கின்றன. உள்நாட்டு இடப்பெயர்வை, 65 வயதுக்கு உட்பட்டோருக்கு வருமான வரிப் படிவங்களில் மாறும் முகவரியைக் கொண்டும், முதியோருக்கு மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டும் கணிக்கிறார்கள். ஒருவர் தம் வேலையையும் வீட்டையும் எங்கோ விட்டுவிட்டு இந்த ஊரைத் தேடி வந்தார் என்பதற்கு இதைவிட வலுவான தடயம் வேறில்லை. எனவே நான் மொத்த வளர்ச்சியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு இந்த ஒரு வரியையே முதலில் பார்க்கிறேன்.

கூறுகளைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எப்படித் தவறிப்போவோம் என்பதற்கு ஃப்ளோரிடாவின் தி வில்லேஜஸ் பகுதியைச் சொல்வேன். 2010-க்கும் 2020-க்கும் இடையில் நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த மாநகரப் பகுதி அதுதான்: 93,420 பேர் 1,29,752 பேராயினர், ஏறத்தாழ 39 விழுக்காடு. அது ஓய்வுபெற்றோருக்காகவே எழுந்த குடியிருப்பு. அங்கே வசிப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். மருத்துவப் பணியாளர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் அங்கே வேலை உண்டு. என்னைப் போன்றவருக்கு அந்த 39 விழுக்காட்டில் ஒன்றும் இல்லை. மறுபுறம் ப்ளூமிங்டனை உள்ளடக்கிய மக்லீன் கவுண்டியில் 2010-இல் 1,69,572 பேர், 2020-இல் 1,70,954 பேர்; பத்தாண்டுகளில் ஒரு விழுக்காடுகூட ஏறவில்லை. வளர்ச்சிப் பட்டியல் எதிலும் அதன் பெயர் வராது. ஆனால் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது; மென்பொருள் பணிக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நீண்ட காலமாக வாழ்கின்றன; பக்கத்து நார்மல் நகரில் மிட்சுபிஷி 2015-இல் மூடிவிட்டுப் போன ஆலையில் இப்போது ரிவியன் மின்சார வண்டிகள் தயாராகின்றன. மக்கள்தொகை வளர்ச்சியும் வேலைவாய்ப்பும் உடன்பிறந்தவை என்று நினைத்திருந்த எனக்கு, இந்த இரண்டு ஊர்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது.

மதிப்பீடுகளின் நம்பகத்தன்மையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிய எண்கள் வரும்போது முந்தைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படுகின்றன. ஆகவே சென்ற ஆண்டு இறக்கிவைத்த கோப்பையும் இந்த ஆண்டுக் கோப்பையும் ஒட்டவைத்து வளர்ச்சியைக் கணக்கிடக் கூடாது. 2024 டிசம்பரில் வெளியான மதிப்பீட்டில் வெளிநாட்டு இடப்பெயர்வைக் கணிக்கும் முறையே மாற்றப்பட்டு, மனிதாபிமான அடிப்படையில் வந்தோரும் சேர்க்கப்பட்டதால், ஓராண்டு நிகர வரவு நாடு முழுவதற்கும் 28 லட்சம் என்ற அளவுக்கு உயர்ந்தது. பழைய கோப்பை அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு ஊர் திடீரென்று வளர்ந்ததுபோல் தோன்றும். அடித்தளமான 2020 கணக்கெடுப்பிலும் குறை உண்டு என்பதைச் சென்சஸ் பீரோ தானே ஆய்வு செய்து 2022 மே மாதத்தில் வெளியிட்டது. ஆர்கன்சாவில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரும், டென்னசியில் 4.8 விழுக்காட்டினரும், இல்லினாயில் 2 விழுக்காட்டினரும் விடுபட்டிருந்தார்கள், மினசோட்டாவில் 3.8 விழுக்காடு கூடுதலாக எண்ணப்பட்டிருந்தது. தன் பிழையைத் தானே அளந்து, மாநில வாரியாக எழுதி, எல்லோரும் படிக்க வைக்கும் ஒரு நிறுவனத்தின்மீது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்தது. நாங்கள் பரிசீலித்த மூன்று இடங்களில் இரண்டு, குறைவாக எண்ணப்பட்ட மாநிலங்களில் இருப்பவை. அதை மனத்தில் வைத்தே எண்களைப் படித்தோம்.

இதே தளத்தில் கிடைக்கும் அமெரிக்கச் சமூக ஆய்வு வேறு வகைச் சேவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளுக்கு வினாப் படிவம் அனுப்பித் திரட்டப்படுவது அது. 65,000 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கு ஓராண்டு எண்கள் கிடைக்கும்; சிறிய இடங்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டுகளைச் சேர்த்துத் தரும் எண்கள்தான். வீட்டில் பேசும் மொழிக்கான விரிவான அட்டவணையில் தமிழ் தனி வரியாக இடம்பெறுகிறது என்பது நம் மக்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளி இருக்குமா என்று கவலைப்படும் பெற்றோர் முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் எந்த எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பிழைவரம்பு அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தர ஊர் ஒன்றில் சில நூறு பேரைக் குறிக்கும் எண்ணுக்குப் பிழைவரம்பும் ஏறத்தாழ அந்த எண் அளவுக்கே போய்விடக்கூடும். பிழைவரம்பைப் படிக்காமல் இந்த அட்டவணைகளைப் பயன்படுத்துவதைவிட, அங்கே வசிக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுவிடுவது மேல்.

இனி பி.எல்.எஸ் தளத்துக்கு வருகிறேன். அதன் முகப்பு பழைய அரசு அலுவலகத்தின் கோப்பு அறையைப் போல இருக்கும். எந்த ஆய்வு எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளவே சில வாரங்கள் வேண்டும். பொறுமையாகப் பழகிவிட்டால், ஊர் தேடுகிறவருக்குச் சென்சஸ் பீரோவைவிட அதிகம் கொடுப்பது இதுதான் என்பது என் கருத்து. குறிப்பாக, தொழில் வாரியான வேலைவாய்ப்பு, ஊதிய ஆய்வு. ஏறத்தாழ 830 தொழில்களுக்கு, ஒவ்வொரு மாநகரப் பகுதியிலும் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், ஊதியத்தின் அடிமட்டம் முதல் மேல்மட்டம் வரை எப்படிப் பரவியிருக்கிறது என்று அது சொல்கிறது. மென்பொருள் உருவாக்குநருக்கான குறியீட்டு எண் 15-1252. கணக்காளர், தணிக்கையாளருக்கான எண் 13-2011. இரண்டையும் மூன்று ஊர்களுக்கும் எடுத்து ஒரு தாளில் எழுதினோம். இந்த ஆய்வு தரும் எண்களில் எனக்குப் பிடித்தது, ஒரு தொழில் நாட்டுச் சராசரியைப்போல எத்தனை மடங்கு அந்த ஊரில் செறிந்திருக்கிறது என்று காட்டும் விகிதம். ஒன்றுக்கு மேல் போனால் அந்தத் தொழில் அங்கே வேரூன்றியிருக்கிறது என்று பொருள். ஹன்ட்ஸ்விலில் பொறியியல் தொழில்கள் பலவற்றுக்கு அது மிக உயர்ந்து நிற்கிறது. கணக்காளர் வேலையோ எந்த ஊரிலும் கொஞ்சம் இருக்கும் வேலை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில், இருவரின் தொழிலுக்கும் சேர்த்து இந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் பொருந்தி மற்றவரை வீட்டில் உட்கார வைக்கும் ஊர் எங்களுக்கு வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

எச்-1பியில் இருப்பவர்களுக்கு இந்த ஆய்வு இன்னொரு வகையிலும் முக்கியமானது. நம் மனுக்களில் குறிப்பிடப்படும் ப்ரிவெய்லிங் வேஜ் என்னும் நடைமுறை ஊதியத்தை, தொழிலாளர் துறை இதே ஆய்விலிருந்துதான் நான்கு நிலைகளாகப் பிரித்து, ஜூலை முதல் அடுத்த ஜூன் வரையிலான ஆண்டுக்கு வெளியிடுகிறது. அது மாநகரப் பகுதிக்கு மாநகரப் பகுதி மாறும். பணியிடம் ஒரு மாநகரப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் திருத்தப்பட்ட மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று 2015-இல் குடிவரவு மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியிருக்கிறது. வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு நம் விசாவைத் தொடும் என்பதால், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நம்பி அடுத்த ஊரில் வீடு பார்ப்பவர்கள் முதலில் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

இந்த ஆய்வின் குறை அதன் வேகம். மூன்று ஆண்டுகளாகத் திரட்டிய பதில்களைச் சேர்த்தே ஓர் ஆண்டின் எண் உருவாகிறது. அதுவும் ஏறத்தாழ ஓராண்டு தாமதமாக வருகிறது. சென்ற மாதம் ஆயிரம் பேரை வேலைநீக்கம் செய்த ஊர் இந்த அட்டவணையில் இன்னும் நலமாகவே இருக்கும். அண்மை நிலை வேண்டுவோர் மாதந்தோறும் வரும் வேலையின்மை விகிதத்தைப் பார்க்கிறார்கள், அதிலும் ஏமாறலாம். இளைஞர்கள் ஊரை விட்டுப் போய்விட்டாலும் வேலையின்மை விகிதம் குறையும். ஒஹையோவின் யங்ஸ்டவுனில் 1930-இல் 1,70,002 பேர் இருந்தார்கள். 2020-இல் 60,068 பேர். இப்படிச் சுருங்கிய ஊர்களில் விகிதத்தை விட்டுவிட்டு, அதே அட்டவணையில் உள்ள மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாதாந்தர எண்கள் பின்னர் திருத்தப்படுவதும் உண்டு. 2024 மார்ச் நிலவரத்துக்கு நாடு முழுவதும் 8,18,000 வேலைகள் குறையக்கூடும் என்று முதற்கட்டத் திருத்தத்தில் அறிவித்தார்கள். 2025 அக்டோபரில் அரசு அலுவலகங்கள் முடங்கியிருந்ததால் அந்த மாதத்துக்கான குடும்ப ஆய்வே நடக்கவில்லை; அந்த மாதத்தின் தேசிய வேலையின்மை விகிதம் வெளியாகவும் இல்லை. இத்தகைய சேவை தடையின்றி நடப்பது எவ்வளவு பேருடைய முடிவுகளுக்கு ஆதாரம் என்பதை அந்த வெற்றிடம் எனக்கு உணர்த்தியது.

நடுத்தர ஊர் தேடுகிறவரை இந்தச் சேவைகள் உண்மையில் கைவிடும் இடம் வேறு. பி.எல்.எஸ் காலாண்டுதோறும் வெளியிடும் வேலை, ஊதியத் தொகுப்பு நாட்டின் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேலைகளை உள்ளடக்கியது; மாதிரி ஆய்வாக இல்லாமல், முதலாளிகள் செலுத்தும் வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுவதால் அதன் வலிமை பெரிது. ஆனால் ஒரு கவுண்டியில் ஒரு துறையை ஒரே நிறுவனம் ஆளுமானால், அந்த நிறுவனத்தின் தகவல் வெளிப்பட்டுவிடும் என்பதற்காக அந்தக் கட்டத்தை மறைத்துவிடுவார்கள். சட்டப்படி அது சரி. இருந்தாலும், ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் ஊரா என்பதுதானே நாம் அறிய விரும்புவது? இல்லினாயின் பியோரியா பல பத்தாண்டுகளாகக் கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் தலைமையகமாக இருந்தது. 2017-இல் தலைமையகம் சிகாகோவுக்கு அருகிலுள்ள டியர்ஃபீல்டுக்கும், 2022-இல் டெக்சஸின் இர்விங்குக்கும் போய்விட்டது. வேலை பறிபோனால் எச்-1பியில் இருப்பவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்ப வேண்டும். பெருநகரத்தில் அந்த 60 நாளில் நேர்காணல் தர இருபது நிறுவனங்கள் இருக்கும். நடுத்தர ஊரில் எத்தனை என்ற கேள்விக்கு இந்த அட்டவணைகளில் பதிலே இல்லை.

ஹன்ட்ஸ்விலில் இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. ரெட்ஸ்டோன் ஆர்சனல் என்னும் ராணுவத் தளம், நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம், கம்மிங்ஸ் ஆராய்ச்சிப் பூங்கா என்று பொறியாளருக்கு இதைவிடச் செழிப்பான ஊர் தென்மாநிலங்களில் அரிது. 2021 முதல் மஸ்டா டொயோட்டா ஆலையும் இயங்குகிறது. ஆனால் பாதுகாப்புத் துறை சார்ந்த வேலைகளில் பெரும்பகுதிக்குச் செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்னும், அரசு இரகசியங்களைக் கையாளும் அனுமதி வேண்டும். அதற்குக் குடியுரிமை வேண்டும். பி.எல்.எஸ் அட்டவணையில் எண்ணப்படும் அத்தனை வேலைகளில் எத்தனை நமக்குத் திறந்திருக்கின்றன என்று எந்த வரியும் பிரித்துச் சொல்லாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு நான் ஹன்ட்ஸ்விலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்களைப் போலக் கிரீன் கார்டு வரிசையில் காத்திருப்பவர்களுக்கு அந்த ஊரின் எண்கள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இரண்டு சேவைகளுக்கும் என் மதிப்பீடு உயர்வானதே. வாடகை, விலைவாசி ஒப்பீட்டுக்குப் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையின் வட்டார விலைக் குறியீட்டையும் சேர்த்துக்கொண்டால், பணம் கொடுத்து வாங்கும் எந்த அறிக்கையும் தேவைப்படாது. அட்டவணை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மட்டும் இவை ஏற்றவை அல்ல.

ஓர் ஊரில் என்னை வேலைக்கு எடுக்கக்கூடிய நிறுவனங்கள் எத்தனை என்று எங்களுக்கு எஞ்சியிருந்த கேள்விக்குப் பதில், தொழிலாளர் துறை காலாண்டுதோறும் வெளியிடும் எச்-1பி ஊதிய விண்ணப்பக் கோப்பில் கிடைத்தது. விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர், பணியிட ஊர், தொழில், ஊதியம் எல்லாம் அதில் உள்ளன. ஆலோசனை நிறுவனம் வழியாக வேலை பார்ப்பவர் எந்த நிறுவனத்தின் இடத்தில் அமர்கிறார் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மிகப் பெரிய கோப்பு. பணியிட ஊரை வைத்து வடிகட்டி, என் தொழிலுக்கு விண்ணப்பித்த வெவ்வேறு நிறுவனங்களை மூன்று ஊர்களுக்கும் எண்ணினோம். பென்டன்விலில் வால்மார்ட்டும் அதைச் சுற்றி வந்த நிறுவனங்களும் நிரம்பியிருக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். பக்கத்து ஊர்களான ஸ்பிரிங்டேலில் டைசன் ஃபுட்ஸும், லோவெலில் ஜே.பி. ஹன்ட்டும் தலைமையகம் வைத்திருக்கின்றன என்பதால், அதே மாநகரப் பகுதிக்குள் வால்மார்ட்டைச் சாராத வரிசைகளும் அந்தக் கோப்பில் கிடைத்தன. பென்டன் கவுண்டி 2010-இல் 2,21,339 பேரிலிருந்து 2020-இல் 2,84,333 பேராக வளர்ந்தது என்பதை நாங்கள் முதல் வாரமே அறிந்திருந்தோம். கோப்பை வடிகட்டி முடித்த அன்று, வால்மார்ட்டைச் சாராத நிறுவனங்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி என் மனைவி குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு அடுத்த வாரம்தான் கையெழுத்திட்டோம்.